பத்துப் பொருத்தமும் கவிதாவின் மாத்திரையும்

மன்றத்துக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் ஜானகி அவர்களே, மகளிர் குழுவின் மாண்பு காக்கும் மங்கையரே, மூட்டுவலியோடும் முன்வரிசைக்கு முந்தி வந்த மூத்தோரே, முந்திரிக்காட்டு வேலையை முடித்து முந்தானையால் முகம் துடைத்தபடி வந்திருக்கும் தாய்மாரே, பேச்சு எப்போது முடியும், சுண்டல் எப்போது வரும் என்று அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோரே, உங்கள் அனைவருக்கும் உண்ணாமலையின் வணக்கம்.

மனநோய் பற்றிப் பேசச் சொன்னார் தலைவர். படித்தவர்களைக் கூப்பிடலாமே என்றேன். "படிச்சவங்க வந்து பேசிட்டுப் போயிட்டாங்க பெரியம்மா, ஒருத்தரும் கேக்கல. நீங்க திட்டுனாத்தான் கேப்பாங்க" என்றார். உடையார்பாளையத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். கொடுத்த வேலையைக் குறைவைத்ததில்லை. திட்டுகிறேன், கேளுங்கள்.

நம் ஊரில் மருத்துவருக்கா பஞ்சம்? ஒருத்தி பத்து நாள் பேசாமல் இருந்தால் "திமிரு" என்று சொல்ல ஒரு மருத்துவர். ஒருவன் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தால் "சோம்பேறி" என்று சொல்ல ஒரு மருத்துவர். காதுக்குள் குரல் கேட்கிறது என்றால் "செய்வினை" என்று சொல்ல ஒன்பது மருத்துவர். எல்லா நோய்க்கும் இவர்கள் எழுதிக் கொடுக்கும் ஒரே மருந்து என்ன? "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடும்." ஏனய்யா, காலொடிந்த காளையை இன்னொரு காளையோடு ஏரில் பூட்டினால் கால் கூடிவிடுமா?

லப்பைக்குடிக்காட்டில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். மூன்று ஊரில் இருதயத்தைப் படம் எடுத்தார்கள். இருதயம் இரும்பு போல இருக்கிறது என்றார்கள். பிறகுதான் ஒரு மருத்துவர் அதற்குப் பதற்ற நோய் என்று பெயர் சொல்லி, மருந்தும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார். இன்று கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார். அதற்குள் ஊர்வாய் அவருக்கு வைத்த பெயர் என்ன? பயந்தாங்கொள்ளி. பாலைவனத்து வெயிலில் பதினான்கு வருடம் உழைத்தவன் பயந்தாங்கொள்ளி. புளியமரத்துக்குப் பயந்து ஊரைச் சுற்றிப் போகிற நீங்கள் வீரர்கள்.

சிரிக்கிறீர்கள். அடுத்த வீட்டுக் கதை என்றால் சிரிப்பு வரும். என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மருமகள் கவிதா குரும்பலூர்ப் பெண். அவளிடமிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிக் கல்யாணத்தையே தீர்த்துவிட வேண்டும் என்று எங்கள் பங்காளிகள் முடிவு கட்டியிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நான் சம்மதம் சொல்ல வேண்டுமாம். குற்றம் என்ன? மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

என்ன தம்பி செல்லப்பா, எழுந்துவிட்டீர்கள்?

"அண்ணி, குடும்பப் பேச்ச மேடையில பேசாதீங்க."

டீக்கடையில் நீங்கள் பேசலாம், மேடையில் நான் பேசக் கூடாதா? உட்காருங்கள். இவர் என் கொழுந்தனார். பங்காளிகளைக் கூட்டி வைத்தவர் இவர்தான்.

பெண் பார்க்க நான்தான் போனேன். நட்சத்திரம் கேட்டேன். பத்துப் பொருத்தமும் பார்த்தேன். கோலம் போடச் சொல்லிக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தேன். உனக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கல்லூரியில் படிக்கும்போதே அவளுக்கு மனச்சோர்வு நோய் இருந்திருக்கிறது. மாத்திரையால் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மருத்துவரைக் கேட்காமலே அவளைப் பெற்றவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஏன் மறைத்தீர்கள் என்று பிறகு சம்பந்தியம்மாளிடம் சண்டைக்குப் போனேன். "சொல்லியிருந்தா நீங்க படியேறி இருப்பீங்களா?" என்றாள். ஏறியிருக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்து, மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே முகத்தில் களையில்லை. குரும்பலூர்ப் பக்கத்து மருத்துவர் மறுபடியும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பத்தியம் இருக்க வேண்டும், மருந்து பாலில் இறங்கும் என்று அந்த மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவள் யார் தெரியுமா? முதல் மதிப்பெண் வாங்கிய உண்ணாமலை. எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்று ஒரு மருத்துவரைக் கேட்டேனா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை அழும்; அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "நான் இல்லன்னா புள்ள நல்லா இருக்கும் அத்தை" என்றாள். கொழுப்பு என்றேன். செல்லப்பன் கோடாங்கியைக் கூட்டி வந்தார். அந்த மகான் உடுக்கையை அடித்து, "முந்திரிக்காட்டுல செத்தவ புடிச்சிருக்கா, கருங்கோழி கேக்குறா" என்றான். செத்தவளுக்குக் கோழியின் நிறம் வரைக்கும் கணக்கு இருக்கிறது! கோழியும் அறுத்தோம். குழம்பு வைத்துத் தின்றவன் அவன். மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு ஏரிக்கரையை நோக்கி நடந்தாள் என் மருமகள். ஆடு மேய்த்த புண்ணியவதி ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

அன்றைக்கே என் மகன் அறிவரசன் யார் பேச்சையும் கேட்காமல் அவளைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனான். நானும் போனேன். அந்த மருத்துவரம்மாள் நட்சத்திரம் கேட்கவில்லை, கோழி கேட்கவில்லை. "இந்தப் பொண்ணு கடைசியா எப்ப நல்லாத் தூங்குனா?" என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நான் மகனைப் பார்த்தேன். எங்கள் வெள்ளாடு எந்தக் கிழமை குட்டி போட்டது என்று எனக்குத் தெரியும். மருமகள் கடைசியாகத் தூங்கியது எப்போது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவர்தான் விளக்கினார். மூளையும் உடம்பில் ஓர் உறுப்பு. அதற்குள் ஓடும் ரசாயனம் கூடலாம், குறையலாம். சிலருக்கு வம்சவழியாக வரும். சிலருக்குப் பிரசவத்தில் உடம்பு மாறுவதால் வரும். துக்கம், தனிமை, தூக்கமின்மை, குடி, அடி உதை, எல்லாம் சேர்ந்து தூண்டிவிடும். பல சமயம் காரணம் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்தே வரும். அந்தக் காரணங்களில் பேய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. மாத்திரையைக் குப்பையில் போட்ட மாமியார் இருந்தாள்.

பால் கொடுக்கும்போது ஆகும் மாத்திரையாகப் பார்த்து எழுதினார். நாலே நாளில் எழுந்து ஆடவில்லை அவள். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் தூங்கினாள். ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போட்டாள். சண்டை போட்ட மருமகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மாமியாரை இந்த மாவட்டம் அன்றைக்குத்தான் கண்டிருக்கும்.

இப்போது அவளைத் தீர்த்து அனுப்பிவிட வேண்டுமாம். "நாளைக்கி புள்ளய ஏதாச்சும் பண்ணிட்டா என்ன அண்ணி செய்வீங்க?" என்கிறார் கொழுந்தனார். தம்பி, குடித்துவிட்டு வண்டியை வேலியில் ஏற்றிய உங்களிடம் உங்கள் பிள்ளைகளை விட்டு வைத்திருக்கிறோமே, யாராவது பஞ்சாயத்து கூட்டினோமா? சிகிச்சை எடுப்பவளுக்குப் பயப்படுகிறீர்கள். சிகிச்சைக்கே போகாதவனோடு உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். மாத்திரை சாப்பிட்டால் துரத்துவீர்கள் என்பதால்தானே பெற்றவள் மறைக்கிறாள்? அவள் மறைப்பதால்தானே நோய் முற்றுகிறது? முற்றியதும் பைத்தியம் என்று பட்டம் கட்டுகிறவர் யார்? நோய் ஒரு பங்கு செய்தது. மீதியைச் செய்தது நாம்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எதற்கு? என் பதிலை இப்போதே சொல்கிறேன். கவிதா என் வீட்டில்தான் இருப்பாள். பிள்ளை அவள் இடுப்பில்தான் இருக்கும். இதில் மானம் போகிற பங்காளிகள், போன மானத்தைத் தேடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

வாய்விட்டுச் சொல்ல முடியாத வேதனையோடு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நாளைக் காலையில் பெரம்பலூருக்கும் பஸ் உண்டு, அரியலூருக்கும் பஸ் உண்டு. துணைக்கு ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் மருமகளைத் தெருவில் பார்த்தால், தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று இழுக்காதீர்கள். "சாப்ட்டியா, புள்ள தூங்குதா?" என்று கேளுங்கள். அவளும் பதில் சொல்லுவாள். "நீ தூங்குனியா?" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். அதைத்தான் நான் கேட்காமல் விட்டேன்.

திட்டச் சொன்ன தலைவருக்கும், திட்டு வாங்கியும் எழுந்து போகாத உங்களுக்கும், உட்கார்ந்தே கேட்ட கொழுந்தனாருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.