கீழ்வீடு காலியான விதம்

என் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த தையற்காரர் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நேரங்கெட்ட நேரத்தில் மெஷினை ஓட்டமாட்டார். சொல்லாமலே படிக்கட்டைக் கூட்டிவிடுவார்.

ஆனால் என் மகள் புருஷனிடம் அடிபட்டு, கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மாடியில் எனக்கு ஒரே அறை, மிச்சம் மொட்டைமாடி. குழந்தை தவழ இடமில்லை. பெற்ற மனம் கேட்குமா? வக்கீலிடம் போனேன்.

"மேஸ்திரி, ஆளை மிரட்டாதீங்க, கரண்டைக் கட் பண்ணாதீங்க. சொந்த உபயோகம்னு கேஸ் போட்டா இழுத்துக்கிட்டே போகும். கட்டடம் அபாயமா இருந்தா சீக்கிரம் முடியும்" என்றார்.

நான் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கட்டடத்தை அபாயமாக்கினேன், அவ்வளவுதான். பட்டப்பகலில் மொட்டைமாடித் தளத்தைக் கொத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். சத்தம் கேட்டுத் தையற்காரர் ஏறி வந்தார்.

"என்னண்ணே, தனியாக் கஷ்டப்படுறீங்க? நான் ஒரு கை குடுக்கட்டுமா?"

"ஒழுகுது தம்பி, பூசிடலாம்னுதான். நீங்க உங்க வேலையப் பாருங்க."

போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். அவருடைய மெஷின் நான் கொத்திய இடத்துக்கு நேர் கீழே. எஞ்சினியர் வந்து பார்த்து, கட்டடம் அபாயம் என்று சான்று கொடுப்பதற்குள் தளம் அவசரப்பட்டுவிட்டது.

இறங்கி ஓடினேன். இடுப்புக்குக் கீழே தளம் அழுத்திக் கிடந்தார். உயிர் இருந்தது. "தூக்குங்கண்ணே" என்றார். தூக்கத்தான் கடப்பாரையைச் செருகினேன், சத்தியமாக. அப்போதுதான் வக்கீல் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. இடித்துக் கட்டினால் பழைய குடித்தனக்காரருக்கே திரும்பி வர உரிமை உண்டாம். அதுவும் கால் போன மனிதரை எந்தக் கோர்ட் வெளியே அனுப்பும்?

கடப்பாரையை உருவித் தலையில் இறக்கினேன். முதல் அடியைக் கையால் தடுத்தார். விரல்கள் நசுங்கின. தையற்காரர் விரல், பாவம். இரண்டாவதில் மண்டை பிளந்தது. மூன்றாவது தேவையே இல்லை. ஆனால் வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

தளம் விழுந்து செத்தார் என்றே தெரு நம்பியது. நீங்கள்தான் மண்டையைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்.

காரியம் முடிந்து அவர் மனைவி சாமான்களை எடுக்க வந்தாள். பாத்திரம் பண்டங்களை நானே மூட்டை கட்டிக் கொடுத்தேன். "அவசரமில்லம்மா, மெதுவா எடுத்துக்கோ" என்றேன். இன்னொரு வீட்டுக்காரனாக இருந்தால், ஈவிரக்கம் இல்லாமல் அவளைத் தெருவில் தள்ளியிருப்பான்.