கண்ணில் படுவதைச் சொல்லி ஓட்டும் டெஸ்ட்

காலை 6.40. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில், காக்கி பேன்ட் போட்ட ஒருவர் ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எதிர்ல லாரி. இடது பக்கம் மாடு, கயிறு இல்ல. வேகத்தக் கொறைக்கறேன்."

பக்கத்தில் இருந்த பெண் கேட்டார்: "இன்னாப்பா, ஓட்டறவரு கம்முனு ஓட்டிக்கினு போறாரு. நீ ஏன் கத்திக்கினு வர?"

"நான் போலீஸ் டிரைவருக்கா. ஜீப் ஓட்ற டெஸ்ட் எப்பவோ பாஸாயிட்டேன். இன்னிக்கு ஒம்போது மணிக்கு அதுக்கு அடுத்த லெவல் டெஸ்ட். கண்ணுல படறதையெல்லாம் வாயால சொல்லிக்கினே ஓட்டணும். போன தபா நல்லாத்தான் ஓட்னேன். வாயத் தொறக்கலன்னு பெயில் பண்ணிட்டாங்க."

"வூட்ல பொண்டாட்டிகிட்டயாச்சும் பேசுவியா?"

"அவளும் அதத்தான் கேட்டா."

"இதுவும் போச்சுன்னா?"

"ரெண்டு தபாக்கு மேல வுடமாட்டாங்க. மந்திரிங்க கூடப் போற எஸ்கார்ட் வண்டி கெடைக்காது. ஸ்டேஷன் ஜீப்போடயே ரிடையர் ஆவணும்."

"அப்ப சொல்லு, சொல்லு. அதோ ஆட்டோ வருது பாரு."

"நீ சொல்லாதக்கா. நானே பாத்து சொல்லணும்."

சந்திரகிரி தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. திருப்பதியில் இறங்கும்போது டிரைவரிடம் கேட்டார்: "எதனா வுட்டுட்டனாண்ணா?"

அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு. ஸ்கூல் போர்டு ஒண்ணு. சைக்கிள்ல குறுக்க வந்த பெரியவரு ஒருத்தரு."