போலந்துப் படங்களில் முகம் இல்லை

வளைகுடா நகரம் ஒன்றில், கராமா நிறுத்தத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இருவரும் கண்காட்சிகளில் படம் மாட்டும் தொழிலாளிகள்.

"போலந்துக்காரம்மா எடுத்த படத்துல ஒருத்தருக்கும் மூஞ்சியே இல்லண்ணே. எல்லாம் முதுகு," என்றார் மீசைக்காரர்.

"அரசாங்கத்த எதுத்து ஊர்வலம் போனவங்கப்பா. மூஞ்சி தெரிஞ்சா அந்த நாட்டுல வேலைக்கே வேட்டு."

"என்னையும் எடுக்கப்போறாங்க. பயமா இருந்தா திரும்பி நில்லுன்னாங்க."

"நில்லேன்."

"புக்கா வருமாம்ணே. முதுகைப் பாத்து எம்பொண்ணு எப்படி அப்பான்னு சொல்லும்? அதான் மூஞ்சியக் காட்ட கம்பெனில பர்மிஷன் லெட்டர் கேட்டேன்."

முப்பது ஆண்டு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். கடிதம் கேட்டால் பதிலுக்கு இன்னொரு கடிதம் கேட்பார்கள் என்பது தெரியும்.

"குடுத்தாங்களா?" என்றார் கூட வந்தவர்.

மீசைக்காரர் மடித்த தாளை விரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அனுமதி கொடுத்திருந்தார்கள்; தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"நாளைக்கு மீசைய ஒதுக்கணும்ணே," என்றார்.