பாய்லர் வண்டியின் உச்சிவேளை நிழல்

என் பெயர் பாண்டீஸ்வரன், வயது 31, தகப்பனார் சங்கரபாண்டியன், ஊர் எம்.ரெட்டியபட்டி. மதுரையில் ஒரு கனரக லாரி கம்பெனியில் ஆறு வருடமாகக் கட்டை போடும் ஆளாக இருக்கிறேன். வண்டி நின்றால் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும், கிளம்பும்போது கட்டையை எடுத்துவிட்டு, சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்து விசில் ஊதுவதும் என் வேலை. டிரைவர் தனுஷ்கோடி அண்ணன் என் விசில் இல்லாமல் வண்டியை எடுத்ததே இல்லை.

21.03.1988 அன்று, ஆலை பாய்லர் ஏற்றிய எங்கள் டிரெய்லர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், ரோட்டின் குறுக்கே தாழ்வாகப் போன கரண்ட் கம்பியால் நின்றுவிட்டது. லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தினால்தான் நகர முடியும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது. பக்கத்துக் காட்டில் பருத்தி எடுக்க வந்தவர்கள் காலையிலும் மாலையிலும் பாய்லரின் பக்கவாட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். உச்சிவேளையில் நிழல் வண்டிக்கு அடியில் மட்டுமே இருந்தது. அவர்களில் தங்கம்மாள் என்பவரிடம், "உள்ள போயி சாயிங்கக்கா, இது இப்ப எங்க நகரப்போகுது" என்று சொன்னது நான்தான்.

23ஆம் தேதி பகல் பன்னிரண்டரை மணிக்கு லைன்மேன் வந்து, "இருவது நிமிசந்தான் நிப்பாட்டுவேன், சட்டுனு எடுங்கப்பா" என்றார். உடனே நான் ஓடி ஓடிக் கட்டைகளை உருவினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன், ஆள் இல்லை. குனியவில்லை. தனுஷ்கோடி அண்ணன் தலையை நீட்டி, "அடியில பாத்தியாலே?" என்று கேட்டார். "பாத்துட்டேண்ணே" என்று சொல்லி விசில் ஊதினேன். வண்டி ஒரு முழம்தான் நகர்ந்தது, அதற்குள் அந்தம்மாவின் சத்தம் கேட்டது.

தங்கம்மாளின் இடது காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். டிரைவர் கேட்காமல் வண்டியை எடுத்ததாக அவரை இந்த ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் கேட்டார், நான்தான் பொய் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவர் வாய் திறக்கவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நிற்கிற பஸ்ஸைப் பார்த்தாலும் குனிந்து பார்க்கிறேன்.

வழக்குக்காக வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இன்று வரும் வழியில் பார்த்தால், பருத்தி எடுப்பவர்கள் மறுபடியும் அதன் நிழலில் இருந்தார்கள். எல்லோரையும் எழுப்பி விரட்டினேன். "பெறகு எங்கிட்டுத்தான் போயி ஒக்கார?" என்று ஒரு பெண் கேட்டார். நான் நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தால், அவர்கள் மறுபடியும் வண்டிப் பக்கமே வந்துகொண்டிருந்தார்கள்.

இதில் உள்ளதெல்லாம் யாரும் தூண்டாமல் நானாகச் சொன்ன உண்மை, வாசிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. ஐயா உடனே ஒரு கான்ஸ்டபிளை அங்கே அனுப்பி, அடியில் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) ச. பாண்டீஸ்வரன்
26.03.1988