மாமனாரின் இடது கால்

என் கை எப்போதும் கதகதப்பாக இருக்கும், டாக்டர். மழை நாளில்கூட அப்படித்தான். மசாஜ் தொழிலில் அது பெரிய கொடுப்பினை. சில்லிட்ட கையோடு முதுகைத் தொட்டால் படுத்திருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். அப்புறம் என்ன பிடித்தாலும் உடம்பு தளராது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாமனார் காலில் கை வைத்தது யார் என்று என்னிடம் கேட்டீர்கள். நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாமனார்மீது எனக்குக் கோபமே கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டுப் பிரிக்கும்வரை இருப்பார் என்றுதான் பேச்சு. மின்விசிறிக்குக் கீழே வீட்டில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, அது என்னுடையது. அதில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் படுக்க என் கட்டில் வேண்டும் என்றார். கொடுத்தேன். நானும் மனைவியும் சமையலறைத் தரைக்குப் போனோம். நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தனை முதுகு மாப்பிள்ளை?" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என் தொழிலைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை இருமிக்கொள்வார். பெரியவர்கள் அப்படித்தான். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றே ஒன்று. "ஊர்ல உள்ளவன் உடம்பையெல்லாம் பிடிச்சு விடறீங்க. வீட்டுல ஒரு கிழவன் கிடக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்பார். மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. காரணம்தான் சொன்னேன். காய்ச்சல் இருந்தால் உடம்பைப் பிடிக்கக் கூடாது. அவருக்கு லேசாக ஜலதோஷம். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் கூடாது. அவர் சாப்பிட்டிராத நேரம் என்று ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோலில் புண்ணோ தடிப்போ இருந்தால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. முதுகில் ஒரு கொசுக்கடி இருந்தது. எலும்பு தேய்ந்தவர்களை அழுத்தினால் முறிந்துவிடும். இதற்கு அவர் வயதை மட்டும் ஞாபகப்படுத்தினேன். எல்லாம் பயிற்சியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தவை, நானாகக் கட்டிவிட்டது எதுவும் இல்லை.

மனைவிக்குத்தான் பொறுமை போய்விட்டது. "எங்கப்பாவைத் தொட உங்களுக்குக் கசக்குது. அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு தினம் ஒரு சாக்கு?" என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கட்டைப் பிரித்தார்கள். மாமனார் கிளம்பவில்லை. "இங்க காத்து நல்லா வருது. இனிமே இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்," என்றார். மனைவி சந்தோஷத்தில் அழுதாள். நான் சிரித்தேன். கன்னம் வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன், டாக்டர்.

அன்று சாயங்காலம் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். துணியை விலக்கிப் பார்த்தேன். வீங்கித் தோல் மினுமினுத்தது. புறங்கையை வைத்தேன், சுட்டது. வலது கால் எப்போதும்போல் இருந்தது. உங்களுக்கு நான் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் எங்கள் வாத்தியார் மேசையைத் தட்டிச் சொன்ன விஷயம் இது ஒன்றுதான். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதுவும் கட்டுப் போட்டு அசையாமல் கிடந்த காலாக இருந்தால், விரல்கூடப் படக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக இருக்கலாம். அழுத்தினால் அது கழன்று போய் நுரையீரலை அடைத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிதான். அப்படி வந்தவர்களை நானே வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு அம்மா என்னைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் நிறுத்தி நன்றி சொல்வார்.

மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, இதுக்கும் ஏதாவது கூடாதா?"

"ஒண்ணும் இல்லை மாமா. நாளைக்கு வேலை விட்டு வந்ததும் நல்லா பிடிச்சு விடறேன்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மறுநாள், அதாவது நேற்றுச் சாயங்காலம், வந்து எண்ணெயைச் சூடு பண்ணினேன். மனைவியைக் கடைக்கு அனுப்பினேன். பக்கத்தில் ஆள் நின்றால் எனக்கு வேலை ஓடாது. கணுக்காலில் ஆரம்பித்து மேல்நோக்கி, கட்டைவிரல் பதியப் பதிய நீவினேன். அவ்வளவு சிரத்தையாக நான் எந்தக் காலையும் பிடித்ததில்லை. "தங்கமான கை மாப்பிள்ளை. இத்தனை நாளா ஒளிச்சு வச்சுட்டீங்களே," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பர்ஸை மறந்துவிட்டுப் போன மனைவி, அதை எடுக்கத் திரும்பி வந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டால் போன் வீணாகிவிடும்.

பிழைத்துக்கொண்டார் என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இன்னும் பல மாதம் எங்கள் வீட்டிலேயே ஓய்வில் இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். வருகிற நர்ஸிடமெல்லாம் என் கையைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறாராம். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான் என்றாராம். ஆசைப்பட்டுக் கேட்டார், செய்தேன். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே மலர் வளையத்தோடு ஒருவர் நிற்கிறாரே, அவர் எங்கள் மேனேஜர். அவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. நேற்றுக் காலை வேலைக்குப் போனதும், மாமனார் தவறிவிட்டார், லீவு வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பாவம், அவர் பதறிப்போய், எப்போது என்று விசாரித்தார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, டாக்டர்.

"இன்னைக்கு சாயங்காலம்," என்றேன்.