செவ்வாய்க்கிழமை சலூன் திறந்தது பற்றி

விழுப்புரம், 14-11-1958. மேல்முறையீட்டு வழக்கில் எதிரி தரப்பு வக்கீல் ஆஜர் செய்த சாட்சி சொல்லச் சொல்ல, கோர்ட் குமாஸ்தா எழுதிக்கொண்டது.

என் பெயர் ராஜவேலு. தகப்பனார் பெயர் முத்துசாமி. வயது பதினேழு. திண்டிவனம் ரயிலடிக்குக் கிழக்கே ஹரிஜன காலனியில் குடியிருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன். தேறியவனா என்று கேட்டார்கள். எழுதியவன் என்றுதானே சொன்னேன் என்றேன். நேராகப் பதில் சொல்லும்படி எச்சரிக்கப்பட்டேன். கணக்கில் போய்விட்டது. தொழில் இல்லை.

இந்த வழக்கில் எதிரியாகத் தண்டனை பெற்ற கோதண்டபாணி எங்கள் காலனிக்காரர். ரயில் பாதையில் தண்டவாளம் செப்பனிடும் கேங் வேலை செய்தவர். எனக்கு உறவில்லை, அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய தூண்டுதலால் நான் சலூன்காரர் துரைக்கண்ணுவை மிரட்டி முடி வெட்ட வைத்ததாகப் போலீஸிலும் கீழ்க்கோர்ட்டிலும் சாட்சி சொல்லியிருக்கிறேன். மிரட்டியதாகச் சொன்னது பொய். அப்படிச் சொன்னதற்காக என் மேலேயே வழக்கு வரலாம் என்று இப்போது எடுத்துச் சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

துரைக்கண்ணுவின் சலூன் கடைத்தெருவில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் சீனுவாசனுக்குச் சொந்தமான கட்டடத்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு தினசரிப் பேப்பர். எங்கள் காலனி ஆட்களுக்கு அங்கே முடி வெட்டுவதில்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்காரர் ஒருவரே மரத்தடியில் வைத்து வெட்டுவார். அவர் கையில் காது தப்பியவர்கள் எங்கள் காலனியில் குறைவு. இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். காதுதான் சம்பந்தம் என்றேன். இரண்டாவது முறை எச்சரிக்கப்பட்டேன்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் கோதண்டபாணி எங்களில் பன்னிரண்டு பேரைக் கூட்டி, தீண்டாமைச் சட்டம் டில்லியிலிருந்து புறப்பட்டு மூன்று வருஷமாகிறது, இன்னும் நம் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை, நாமே போய் அழைத்துக்கொண்டு வருவோம் என்றார். அதன் பிறகு விதிகள் சொன்னார். தினம் இரண்டு பேர் சலூனுக்குப் போக வேண்டும். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் போக வேண்டும். பெஞ்சில் இடமிருந்தால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். நம் முறை வந்ததும் "அடுத்தது நான்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை சொல்லக்கூடாது. அவர் கூப்பிடாமல் நாற்காலியைத் தொடக்கூடாது. திட்டினாலும் அடித்தாலும் திருப்பிச் செய்யக்கூடாது. அந்த சலூனில் வெட்டும் வரை வேறு எங்கும் தலையைக் கொடுக்கக்கூடாது. யார் எந்த நாள் என்று ஒரு நோட்டில் அவரே எழுதி வைத்தார். முடி வெட்டும் வரை முடிவில்லை என்று நான் ஒரு வாசகம் செய்து கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "சொவுத்துல கிவுத்துல எழுதி வெச்சிடாதடா, அதுக்கும் கேஸ் போடுவாங்க" என்றார்.

அதன் பிறகு தினமும் போனோம். துரைக்கண்ணு எங்களை வெளியே போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எங்கள் முறை வரும்போது பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அடுத்த ஆள் வந்ததும் பேப்பரை வைத்துவிட்டு அவருக்கு வெட்டுவார். பேப்பர் சில நாள் தலைகீழாக இருக்கும். மண்டி ஆட்கள் வந்து கடை கழுவுவதாகச் சொல்லி எங்கள் காலில் அழுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கோதண்டபாணி அவர்கள் நன்றாகக் கழுவ வசதியாக இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அதன் பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். வெட்ட மறுத்தால்தான் குற்றம், துரைக்கண்ணு மறுக்கவில்லை, தாமதம்தான் செய்கிறார், தாமதத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் கடையில் வேறு ஆள் இல்லாதபோது துரைக்கண்ணு பேப்பருக்குப் பின்னாலிருந்து கோதண்டபாணியிடம், "உனுக்கு நான் வெட்னா நாளைக்கு எவன் வந்து என் கைல மூஞ்சி குடுப்பான்? என் வூட்டுக்காரிய பிரசவத்துக்கு எவன் கூப்புடுவான்? எனுக்கு மட்டும் ஆசையா?" என்றார். துரைக்கண்ணுவின் மனைவி முனியம்மாள் ஊரில் பிரசவம் பார்ப்பவர். கோதண்டபாணி, "தெரியும்ணே. நாங்க ஒக்காந்துக்கினு இருக்கோம். நீங்க யோசிங்க" என்றார். இதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

ஜூலை 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. சலூன்களுக்கு அன்று விடுமுறை என்பதால் எங்கள் நோட்டில் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் போடுவதில்லை. என் முறை மறுநாள்தான். நான் விளையாட்டுக்காக அன்றே போய், பூட்டிய கடையின் படியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தேன். மண்டிக்கு மூட்டை தூக்கிப் போன இரண்டு பேர் என்னடா என்று கேட்டார்கள். "தெனம் கடைசி ஆளா குந்தறோம், இன்னிக்கி ஒரு நாளு மொத ஆளா இருக்கலாம்னுதான்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள். கோதண்டபாணிக்கு இது தெரியாது. அவர் அன்று ஒலக்கூர் பக்கம் பாதையில் வேலையாக இருந்தார்.

அதன் பிறகு பத்து மணி சுமாருக்குத் துரைக்கண்ணு, முடி வெட்டும் மிஷினை எண்ணெய் போட எடுத்துப் போவதற்காக வந்தார். என்னைப் பார்த்து, "இன்னாடா, இன்னிக்கி லீவுன்னு தெரியாதா?" என்றார். "தெரியும்ணே. லீவு நாள்ல நீங்க வெட்லன்னா எனுக்கு வருத்தம் இருக்காது பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். நாற்பது நாளில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். மேலே இரண்டு இல்லை. அதன் பிறகு தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, கடையின் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார். ஏழு பலகை. மிஷினை எடுக்க ஒரு பலகை கழற்றினால் போதும். நாற்காலியைத் துண்டால் தட்டி, "வா, குந்து" என்றார்.

"வெளையாடாதீங்கண்ணே" என்றேன்.

"இன்னிக்கி எவனும் வர மாட்டான், தொரத்தவும் ஆளில்ல. எனுக்கே பேஜாரா பூடுச்சிடா, பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு. ஜல்தி வா" என்றார்.

உட்கார்ந்தேன். துணி போர்த்தினார். "எப்பிடி வெட்டணும்?" என்று கேட்டார். என்னை அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "சரி, நானே வெட்றேன்" என்று சொல்லி இடது பக்கம் ஆரம்பித்தார். என்னை அவர்தான் கூப்பிட்டார், அவர்தான் உட்கார வைத்தார். நான் மிரட்டவில்லை.

இடது பக்கம் முடிந்த சமயத்தில் மண்டி சீனுவாசன் ஆறேழு ஆட்களோடு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. துரைக்கண்ணுவைப் பார்த்து, "நீயா கூப்ட்டியா, அவனா வந்து குந்திக்கினானா? ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார். துரைக்கண்ணுவின் கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் திரும்பியதில் அது காதைக் கீறியது. அவர் வாய் திறப்பதற்குள் நான், "நாந்தாங்க மெரட்டிக் குந்திக்கினேன்" என்றேன். அவருக்குக் கடையாவது மிஞ்சட்டும், எனக்கு நாலு அடியோடு போய்விடும் என்று நினைத்தேன். அடித்தார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை. துரைக்கண்ணு ஏதோ சொன்னார், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியை உடைத்தது அவர்கள். நான் அல்ல.

அதன் பிறகு பாதி வெட்டிய தலையோடு என்னைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எதை வைத்து மிரட்டினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வாயை வைத்து என்றேன். வாய்மொழியாக மிரட்டியதாக எழுதினார்கள். அதன் பிறகு, சலூனில் யார் எந்த நாள் உட்காருவது என்று யார் சொல்வது என்று கேட்டார். எல்லாம் எங்கள் அண்ணன் கோதண்டபாணிதான் நோட்டில் எழுதுவார் என்றேன். அது உண்மை. முதலில் சொன்னது பொய். இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியதும் கோதண்டபாணி ஆள் அனுப்பி மிரட்டினார் என்று ஆகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது எனக்கு அது தெரியவில்லை. படித்துப் பார்க்கச் சொன்னார்கள். படித்தேன். அப்போதும் தெரியவில்லை. வயதை உத்தேசித்து என்னை எச்சரித்து, சாட்சியாக்கினார்கள். கோதண்டபாணியை அன்று மாலை பாதையிலிருந்தே பிடித்து வந்தார்கள்.

கீழ்க்கோர்ட்டிலும் அதையே சொன்னேன். மாற்றிச் சொன்னால் துரைக்கண்ணுவுக்குக் கேடு என்று நினைத்தேன். வக்கீல் வைக்காததால், சாட்சியை ஏதாவது கேட்கிறாயா என்று கோதண்டபாணியையே கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "பையன கேக்க ஒண்ணும் இல்லீங்க" என்றார். எனக்குப் பிறகு துரைக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது வெளியே இருந்தேன். உள்ளே அவர், யாரும் தன்னை மிரட்டவில்லை, தானே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் வெட்டியதாக, மண்டி சீனுவாசனை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எந்தச் சலூன்காரன் செவ்வாய்க்கிழமை தன் இஷ்டத்துக்குக் கடை திறப்பான் என்று சர்க்கார் தரப்பில் கேட்டார்களாம். வெட்டிக்கொண்ட பையனே மிரட்டியதை ஒப்புக்கொண்டிருக்கும்போது, துரைக்கண்ணு சொல்வது காலனிக்காரர்களுக்குப் பயந்து சொல்வது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கோதண்டபாணிக்கு ஆறு மாதம்.

துரைக்கண்ணு வெளியே வந்து என்னிடம், "ஏண்டா தம்பி அப்பிடி சொன்ன? அம்பது வயசுல ஒரே ஒரு தபா நெசம் பேசினேன். அதையும்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அந்த வாரமே கடையைக் காலி செய்ய வைத்தார்கள். முனியம்மாளைப் பிரசவத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. இருவரும் ஊரை விட்டுப் போனார்கள். அனந்தபுரம் பக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். போய்த் தேடினேன். அங்கே இல்லை. அந்தக் கடையில் இப்போது வேறு ஆள் சலூன் வைத்திருக்கிறார். எங்களுக்கு வெட்டுவதில்லை. பேப்பரை எல்லாம் தூக்குவதில்லை, வாயாலேயே சொல்லிவிடுகிறார்.

கோதண்டபாணிக்குக் கேங் வேலை போய்விட்டது. அவர் மனைவி சௌந்தரம் மூன்று குழந்தைகளோடு தாய் வீட்டில் இருக்கிறார். இந்த அப்பீலுக்கு வக்கீலைப் பிடித்தது அவர்தான். போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அன்னிக்கி ஒன் வாய் முந்திக்கிச்சி இல்ல, இப்பவும் முந்தட்டும், வா" என்றார். துரைக்கண்ணு ஊரில் இல்லாததால் இனி நான் மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் வந்திருக்கிறேன்.

கோதண்டபாணியைச் சிறையில் போய்ப் பார்த்தேனா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். போன மாதம் ஒரு முறை பார்த்தேன். யாரும் என்னை அங்கே தயார் செய்யவில்லை. அவருக்குத் தலை ஒட்ட வெட்டியிருந்தது. "இங்க வரிசையே கெடையாதுடா, உள்ள வந்த ஒடனே வெட்டிட்டாங்க, எந்தத் தெருன்னு கூட கேக்கல" என்று சிரித்தார். அதன் பிறகு, "நெசமாவே மெரட்டினியாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். துரைக்கண்ணு இரக்கப்பட்டுச் சொன்னார் என்று எண்ணி, நான் விதியை மீறிவிட்டதாகவே அவர் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "இப்ப யாரு யாரு போயி ஒக்கார்றீங்க?" என்று கேட்டார். முன்பு மாதிரியே தினம் இரண்டு பேர் போகிறோம் என்றேன். நோட்டை யார் எழுதுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். நல்லது என்றார்.

அதுவும் பொய். அவரைப் பிடித்துப் போன மறுநாளிலிருந்து அந்தப் பெஞ்சில் எங்கள் ஆள் ஒருவரும் உட்காரவில்லை. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் பழையபடி மரத்தடியில் வெட்டிக்கொள்கிறார்கள். நானும் அங்கேதான் வெட்டிக்கொண்டேன்.

இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று குமாஸ்தா சொன்னார். நான் சொன்ன பொய்களில் ஒன்றை மட்டும் மறைத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உண்மை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். எழுதிக்கொண்டார். இந்தக் கடைசி விஷயத்தைக் கோதண்டபாணிக்குத் தெரியாமல் வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, எதிரியை முன்னால் நிறுத்தி முழுவதையும் உரக்க வாசிப்பார்கள் என்றார். வாசிக்கும்போது நான் கோர்ட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். இருக்க வேண்டும் என்றார்.

சரி என்றேன்.

இதற்கு முன் இதே விஷயமாக நான் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவை இரண்டும் தப்பு, இது சரி. யாரும் சொல்லிக் கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. குமாஸ்தா வாசித்துக் காட்டினார், எழுத்துக்கு எழுத்து நான் சொன்னதுதான். இந்தத் தடவை கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மு. ராஜவேலு