பெரட்டு

காலை ஐந்தரைக்கு என் தேநீர்க் கேத்தல் கொதிக்கும். எங்கள் கட்டடத்தில் முதலில் எழும்புகிறவள் நான்தான். நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கம்மாக்காவும் சொல்லியிருக்கிறார்.

கட்டடத்தை நீங்கள் வந்து பார்த்தீர்கள். கண்டியில் அப்படிப்பட்டவை இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. கீழே மிளகாய் அரைக்கும் மில். மேலே ஒரு காலத்தில் ஒரே கூடமாக இருந்ததாம். பிறகு பலகை அடித்து அறைகளாக்கினார்கள். விறாந்தையின் கடைசி அறை அங்கம்மாக்காவுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. அவருடைய அறைக்கு ஒரு பக்கம் கல்சுவர். மற்றப் பக்கம் நான்.

பலகை தரைவரை வராது. ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. அவர் விளக்கைப் போட்டால் என் தரையில் ஒரு கோடு விழும்.

அக்கா தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். புருஷன் செத்த பிறகு டவுனுக்கு வந்து கடைகளைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தார். மகன் சந்திரகுமார் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. தனியாக இருக்கும் மனுஷி, காலையில் எழும்பினாரா என்று யாராவது பார்க்க வேண்டும். அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. என் கேத்தல் சத்தம் கேட்டதும் அவர் பித்தளைத் தம்ளரால் பலகையைத் தட்டுவார்.

“செல்லமணி, பெரட்டுக்கு வந்தாச்சா?”

நானும் தட்டி, “வந்தாச்சுக்கா” என்பேன்.

“லேட்டா வந்தா அரைப்பேருதான் புள்ள.”

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பிந்தி வந்தால் அரை நாள் சம்பளம்தான், அது அரைப்பேர். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். கங்காணி கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்பவள் குரலை மாற்றி “வந்தாச்சு” என்பாளாம். அக்கா அப்படிப் பலருக்குச் சொல்லியிருக்கிறாராம். ஒருமுறை என்னிடமும் சொன்னார். “நாளைக்கு நான் இல்லாட்டி எனக்காக நீ வந்தாச்சுன்னு சொல்லு. ஊருக்கே நீதான் கங்காணி.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் அதை மறக்கவில்லை.

அறையைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகள் நிலூஷாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். பையன் கணேஸ், டவுனில் தையல் கடையில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு இருப்பது என்று பேச்சு. அவனுடைய அம்மா வத்தேகமவிலிருந்து அறையைப் பார்க்க வந்தார். கதிரையில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பார்த்தார். என் கட்டிலையும் நிலூஷாவின் பாயையும் பார்த்தார்.

“எங்க மகன் மாமியார் காலடியிலயா படுக்கணும்?” என்று கேட்டார். “எடம் கெடச்சா சொல்லி அனுப்புங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்குங்க.”

தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

கட்டடத்துச் சொந்தக்காரர் இப்திகார் முதலாளி நல்ல மனுஷன். “அங்கம்மாட ரூம் காலியானா ஒங்களுக்குத்தான். பலகையக் கழட்டிக்கோங்க” என்றார். காலியாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் கட்டிலை எங்கே போடுவது என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் தவறில்லை.

அந்த வியாழக்கிழமை நிலூஷா இல்லை, ஒரு வாரத்துக்குக் கலகெதரையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கேத்தல் கொதித்தது. தம்ளர் தட்டவில்லை. அதற்குப் பதிலாக மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டல் வந்தது. வழக்கமான இடத்தில் இல்லை. கீழே, தரையை ஒட்டி.

பதிலுக்குத் தட்டக் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கினேன். அந்த நேரத்தில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதலில் தேநீரைக் குடித்துவிடலாம் என்று நினைத்தேன். சூடாக இருந்தது.

அவருடைய அறைச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. அவரே தந்தது. நான் திருடவில்லை.

தட்டல் நிற்கும், பிறகு தொடங்கும். மில் ஓடத் தொடங்கியதும் வேறு யாருக்கும் கேட்க வாய்ப்பில்லை. நான் வீட்டு வேலைகளைச் செய்தேன். பாத்திரம் கழுவினேன், அரிசி களைந்தேன்.

மத்தியானம் ஜெஸீமா வந்தாள். விறாந்தையின் அந்தக் கோடியில் இருப்பவள். எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டி எட்டிப் பார்க்கிற பிள்ளை.

“அங்கம்மாக்காவக் காணல்லயே. பைப்படிக்கும் வரல்ல. சொகமில்லயா?”

“காலையில தட்டுனுச்சு. லேசாக் காச்சல்னு சொல்லுச்சு. தூங்குது, எழுப்பாத.”

முதல் வாக்கியம் உண்மை.

சாயங்காலம், மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவள் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தாள். “எழும்பினா குடுங்க. இஞ்சி போட்டிரிக்கி” என்றாள். அக்காவின் கதவுக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். கையைத் தூக்கித் தட்டப் போனவளிடமிருந்து நான் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டேன். நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவளுக்கும் புரிந்தது. கஞ்சியை நான் குடித்தேன். சாப்பாட்டை வீணாக்குகிறவள் இல்லை நான். மறுநாள் காலை பிளாஸ்க்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

“குடிச்சாங்களா?”

“மிச்சம் வைக்கல.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை சந்திரகுமார் எனக்குப் போன் எடுத்தான். அம்மாவின் போன் வேலை செய்யவில்லை என்றான். “சார்ஜ் போட மறந்திருக்கும்” என்றேன். “எந்திரிச்சுட்டாங்களாக்கா?” என்று கேட்டான். “பெரட்டுக்கு வந்தாச்சு தம்பி” என்றேன். அவன் சிரித்தான். அந்த விளையாட்டு அவனுக்கும் தெரியும். நான் பேசிக்கொண்டிருந்தபோதும் பலகையில் தட்டல் கேட்டது. மிகவும் மெதுவாக. போனில் கேட்டிருக்காது.

சனிக்கிழமை காலை கேத்தல் கொதித்தது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

தம்ளர் அவர் கையில் இருந்தது. எடுத்துக் கழுவி அவருடைய சுவர்த் தட்டில் வைத்தேன். சேலையைச் சரிசெய்தேன். அதன் பிறகுதான் சத்தம் போட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். டொக்டர் வந்து பார்த்தார். வயதைக் கேட்டார். விழுந்ததும் உயிர் போயிருக்கும் என்றார். நான் குறுக்கே பேசவில்லை.

இறுதிச் சடங்கில் சந்திரகுமார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். “எங்கம்மா பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அதுவே போதுங்கக்கா.” அவன் சொன்னது சரி. அந்த மூன்று நாளும் நான் பக்கத்தை விட்டு எங்கும் போகவில்லை.

கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். பலகையைக் கழற்றத் தச்சு வேலை செய்யும் நபீல் பாஸைக் கூப்பிட்டேன். அவர் வேலையில் சுத்தம். கழற்றிய பலகைகளை விறாந்தையில் சாத்திவைத்துவிட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தார். அக்காவின் பக்கம் இருந்த முகம். அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பிறை பிறையாக வெட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக.

“இதென்ன, எலி வேலையா?” என்றார்.

ஜெஸீமா பைப்படியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளே போய்ச் சுவர்த் தட்டில் இருந்த பித்தளைத் தம்ளரை எடுத்துவந்து, அதன் விளிம்பை ஒரு வெட்டில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. என்னைப் பார்த்து, “கஞ்சிய யார் குடிச்ச?” என்று கேட்டாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். மறுநாள் பொலிஸ் ஜீப்பில் நீங்கள் வந்தீர்கள்.

மேசையில் வைத்திருக்கும் பலகை அதுதான். அடையாளம் காட்டச் சொன்னீர்கள். காட்டிவிட்டேன். நான் அவரைத் தள்ளவில்லை, தொடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவருக்காக வந்தாச்சு என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதுதான்.

பலகையின் அடி இடைவெளியில் ஏன் பழைய சாரத் துணியைச் செருகினேன் என்று இரண்டாம் முறை கேட்கிறீர்கள். குளிருக்கு என்று முதலில் சொன்னேன். அந்த வாரம் கண்டியில் வெயில் என்கிறீர்கள். இருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம். மில்லை நிறுத்திவிட்டார்கள். நான் பலகையை ஒட்டி, கையில் ஜெஸீமாவின் பிளாஸ்க்கோடு நின்றிருந்தேன். என் அறையில் விளக்குப் போட்டிருந்தது. தட்டல் நின்றது. தரையோடு தரையாக அவருடைய குரல் வந்தது. கோபமாக இல்லை. காலையில் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“செல்லமணி, ஒன் காலு தெரியுதே புள்ள. பெரட்டுக்கு வந்தாச்சா?”